எதிரியைக் காதலித்த கதை எழுதுவது எப்படி: திருகோணமலையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒல்லாந்தக் (டச்சுக்) கப்பித்தான் ஒருவனுக்கும், திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையின் பெண் ஒருத்திக்கும் காதல் என்று 40 பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். கோணேசர் கோயில் மணி அடிக்கிறது. அவள் பூத்தட்டோடு படியிறங்கி வருகிறாள். கப்பித்தான் குதிரையை நிறுத்தி, "உன் விழிகளில் என் தேசத்தைக் கண்டேன்" என்கிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தாள்களைத் திருப்பித் தரும்போது மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, ஒல்லாந்தன் காலத்தில மலையில கோயில் எங்க இருந்தது? பறங்கி இடிச்சிட்டானே. அந்தக் கப்பித்தான் என்ன பாசையில கதைச்சவன்? அதை விடு, அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா அவன் என்ன செய்திருப்பான்?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எங்கே சந்தித்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள், மறுக்க முடிந்ததா. எதிரெதிர் தரப்பு மனிதர்களுக்கு இடையே காதல் வைத்து எழுதும் எந்தச் சரித்திரக் கதையும் இந்த மூன்றில்தான் நிற்கிறது, இல்லாவிட்டால் விழுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிப் போன வழிதான்.

படி 1: ஒரு ஆண்டைப் பிடியுங்கள்

"ஒல்லாந்தர் காலம்", "வெள்ளைக்காரன் காலம்" என்று தொடங்கினால் கதை மிதக்கும். ஒரு ஆண்டு வேண்டும். திருகோணமலையில் ஆண்டுக்குப் பஞ்சமே இல்லை, அத்தனை பேர் இந்தத் துறைமுகத்துக்காக அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1622-ல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை எழுந்தது. 1639-ல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1660-ல் கொட்டியாரக்குடாவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்றிலிருந்து ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தந்தையும் மாலுமிகளும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்கள். நொக்ஸ் தப்பிப் போனது 1679-ல். அவரோடு பிடிபட்டவர்களில் பலர் கண்டிக் கிராமங்களிலேயே பெண் எடுத்துக் குடும்பமானார்கள். அருமையான கரு. ஆனால் கதை அந்தக் குடாவோரத்து மூதூரில் தொடங்கி உடனே மலைநாட்டுக்குப் போய்விடும், திருமலை கைநழுவிவிடும்.

1942 ஏப்ரல் 9 பலருக்கு ஆசையாக இருக்கும். ஜப்பானிய விமானங்கள், சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கி, ஊரைவிட்டு ஓடிய சனம். படமாக எடுக்க நல்லது. காதலுக்கு உதவாது. எதிரி வானத்தில் வந்து வானத்திலேயே போய்விட்டான், முகம் பார்க்கக்கூட நேரம் கிடையாது.

என் தெரிவு 1782. அந்த ஒரே ஆண்டில் கோட்டையில் மூன்று கொடி பறந்தது. ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் ஆங்கிலேயப் படை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது. துறைமுக வாசலைக் காவல் காத்த ஓஸ்டன்பேர்க் கோட்டை ஜனவரி 11-ல் விழுந்தது. ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டம்பர் 3-ல் ஹியூஸ் திரும்பி வந்து கடலில் சண்டை போட்டும் மீட்க முடியவில்லை. ஜனவரியில் எதிரியாக வந்தவன் ஓகஸ்டில் முற்றுகைக்குள் மாட்டிய காவல்காரன் ஆகிறான். ஒரு காதலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

படி 2: கட்டுக்கதையைப் பக்கத்தில் வையுங்கள், அதன்மேல் வீடு கட்டாதீர்கள்

கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குப் போகிற எல்லோரும் அந்தத் தூண் கதையைக் கேட்டிருப்போம். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே பாறையிலிருந்து குதித்தாள் என்பார்கள். தூணில் அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் உண்டு. வளர்ப்புத் தந்தை ஹென்ட்ரிக் வான் ரீட் சாதாரண ஆள் இல்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் பெரிய அதிகாரி, மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் நூல் கொண்டுவந்தவர்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தேதிக்குப் பிறகும் பிரான்சினா உயிரோடு இருந்திருக்கிறாள். பின்னால் கல்யாணமும் நடந்திருக்கிறது. குதித்தாள் என்பது ஊர் வாய் கட்டியது.

இது தெரிந்ததும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், குதிக்காத பெண்தான் கதைக்கு நல்லவள். குதித்தவளுக்கு ஒரு பக்கம் போதும். குதிக்காமல் இறங்கி வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் எழுந்து, இன்னொருவனைக் கட்டி வாழ்ந்தவளுக்கு முழு நாவல் வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாறை, ஒரு குளம், ஒரு புளியமரம் இருக்கும். அதன் கதையை நம்புகிற பாத்திரம் ஒன்றை உங்கள் நாவலுக்குள் வையுங்கள். கதையின் முதுகெலும்பாக மட்டும் வைக்காதீர்கள்.

படி 3: சண்டை ஏன் இங்கே வந்தது என்று ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்

சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டும். 1782-க்கு என் பதில் இது: சோழமண்டலக் கரையில் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் சென்னைக்கு முன்னால் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் உடைந்துபோகும். ஆங்கிலேயக் கப்பல்கள் அந்தப் பருவத்தில் பம்பாய்வரை ஓட வேண்டும். திருகோணமலையோ எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் தூங்குகிற இடம். இதை வைத்திருப்பவனுக்கு வங்காள விரிகுடா வசப்படும்.

அமெரிக்காவில் குடியேற்றக்காரர்கள் இங்கிலாந்தோடு சண்டை பிடித்தார்கள், பிரான்ஸ் அவர்களோடு சேர்ந்தது, ஒல்லாந்து அவர்களோடு வியாபாரம் செய்தது, அதனால் 1780 டிசம்பரில் இங்கிலாந்து ஒல்லாந்தின்மேல் போர் தொடுத்தது. அந்தச் சண்டையின் நுனிதான் நம் ஊரில் வந்து இடித்தது. உங்கள் கதாநாயகிக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரிவது காற்று. வாடை, தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான், எந்த மாதம் கடல் எப்படி இருக்கும். மீன் விலையில் அவள் போரைப் புரிந்துகொள்ளட்டும்.

படி 4: இருவரையும் ஒரே இடத்தில் நிற்க வையுங்கள்

என் கப்பித்தான் கதை இங்கேதான் செத்தது. 1622-க்குப் பிறகு சுவாமி மலையில் கோயில் இல்லை. இன்று நாம் கும்பிடும் கோயில் 20-ஆம் நூற்றாண்டில், 1950 வாக்கில் பழைய விக்கிரகங்கள் மண்ணிலிருந்து கிடைத்தபின் எழுந்தது. 1782-ல் ஒரு திருமலைப் பெண் கோணநாதரைக் கும்பிட நினைத்தால் தம்பலகாமம் ஆதிகோணநாயகரிடம்தான் போக வேண்டும். மலையே கோட்டைக்குள் இருந்தது. அவள் அங்கே பூத்தட்டோடு உலாவ முடியாது.

சரி, எங்கே சந்திப்பது? ஒரு தாளை எடுத்து, கோட்டைக்குள் இருக்கிற படைக்கு ஊரிலிருந்து தினமும் என்ன தேவை என்று எழுதுங்கள். தண்ணீர், விறகு, அரிசி, மீன், கள், வெளுத்த துணி, வெற்றிலை. ஒவ்வொன்றும் ஒரு சந்திப்பு. கொட்டியாரப் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் வள்ளம் ஒரு சந்திப்பு. வண்ணான் கொண்டுபோகும் மூட்டை இன்னொன்று. இதில் எனக்குப் பிடித்தது கிணறு. கிணற்றடிக்குப் பெண் போவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சிப்பாயும் வருவான். அதோடு, எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஊர்ச் சட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வந்தவனுக்கு அது தெரியாது. தெரியாமல் தொட்டுவிடுவான். கதை தொடங்கிவிடும்.

படி 5: மொழிக்குப் பதில் சொல்லுங்கள்

இருவருக்கும் பொது மொழி இல்லையென்றால் "கண்கள் பேசின" என்று எழுதத் தோன்றும். ஒரு தடவை எழுதலாம். 300 பக்கம் கண்களே பேச முடியாது.

1782 எனக்கு இங்கேதான் பெரிய உபகாரம் செய்தது. ஹியூஸின் கப்பல்களில் வெள்ளைக்காரன் மட்டும் வரவில்லை, சென்னைப் படையின் சிப்பாய்களும் வந்தார்கள். அதற்குச் சற்று முன், 1781 நவம்பரில், ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்திருந்தார்கள். அங்கிருந்துதான் கப்பல்கள் இங்கே வந்தன. ஆகவே என் கதாநாயகன் நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிப்பாய். கதாநாயகி, ஒல்லாந்தக் கும்பனியின் கந்தோரில் (அலுவலகத்தில்) வேலை செய்யும் கணக்கப்பிள்ளையின் மகள். இருவரும் பேசுவது தமிழ். ஆனால் ஒரே தமிழ் இல்லை. அவன் பேசுகிறான், அவள் கதைக்கிறாள். அவனுக்கு அழகு, அவளுக்கு வடிவு. எதிரி தன் மொழியிலேயே, கொஞ்சம் கோணலாகப் பேசுகிறான் என்பது எத்தனை பெரிய அதிர்ச்சி! வேற்று மொழிக்காரனை வெறுப்பது சுலபம். "கயிறு இருக்காம்மா?" என்று கேட்கிறவனை என்ன செய்வது?

(240 வருடத்துக்கு முந்தைய பேச்சை அப்படியே எழுதிவிட முடியாது, எழுதினால் வாசிக்கவும் முடியாது. இன்றைய பேச்சிலிருந்து அதிகம் விலகாமல், புதிய சொற்களை மட்டும் தவிர்த்தால் போதும் என்பது என் கட்சி.)

சொற்களிலேயே இன்னொரு புதையல் இருக்கிறது. கந்தோர் ஒல்லாந்தச் சொல். துட்டும் அவர்கள் நாணயப் பெயர். கதிரை, அலுமாரி, சாவி, பாண் எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போனவை. அந்தக் கணக்கப்பிள்ளை வீட்டில் "பறங்கி நாசமாய்ப் போக" என்று திட்டுகிற கிழவியும் கதிரையில் இருந்துதான் திட்டுவாள். இதைப் பாத்திரங்கள் கவனிக்கத் தேவையில்லை. வாசகர் கவனிப்பார்.

உங்கள் கதையில் உண்மையாகவே பொது மொழி இல்லையென்றால் மூன்றாவது ஆள் ஒருவரைக் கொண்டுவாருங்கள். துபாஷி. காதலர் இருவர் சொல்வதையும் வாயில் வாங்கி மாற்றிச் சொல்கிறவன். அவன் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால்? அந்த நாவலை நான் இன்னும் எழுதவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: "வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததா?

வாத்தியாரின் மூன்றாவது கேள்வி. இதைத் தாண்டாமல் அடுத்த பக்கம் போகக் கூடாது.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது: மகட்பாற்காஞ்சி. வேந்தன் ஒருவன் பழங்குடித் தலைவனின் மகளைக் கேட்கிறான், தகப்பன் கொடுக்க மறுக்கிறான், ஊர் அழியப்போகிறது. புறநானூற்றில் 336-ஆம் பாட்டிலிருந்து இந்தத் துறையில் வரிசையாகப் பாடல்கள் உண்டு. அவள் அழகைப் பாடுகிறார்கள், அண்ணன்மாரின் வேலைப் பாடுகிறார்கள், ஊரின் மரங்கள் யானை கட்டிச் சாயப்போவதைப் பாடுகிறார்கள். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அந்த வரியை எழுதுவதுதான் நம் வேலை.

கையில் துவக்கு வைத்திருக்கிற ஒருவன் ஒரு வீட்டு வாசலில் நின்று சிரித்தால், பதிலுக்கு வரும் சிரிப்பு காதலா பயமா என்று யாருக்கும் தெரியாது. சிரித்தவளுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கதையின் முதல் கால்வாசிக்குள் அவள் அவனை ஒரு தடவை வெளிப்படையாக மறுக்க வேண்டும். மறுத்ததால் அவளுக்கோ வீட்டாருக்கோ கெடுதல் எதுவும் வரக் கூடாது. அவன் விலகிப் போக வேண்டும், அதனால் அவனுக்கு ஏதாவது நட்டம் வரவேண்டும். அதற்குப் பிறகு அவள் தானாக எடுத்துவைக்கும் அடிக்குத்தான் மதிப்பு. என் 40 பக்கக் கதையில் கப்பித்தான் கேட்டான், அவள் தலைகுனிந்தாள், அவ்வளவுதான். இப்போது வாசித்தால் கூசுகிறது.

சிப்பாய் என்பதால் அதிகாரம் சமமாகிவிடாது. ஆனால் அவனுக்கும் மேலே வெள்ளைக்கார அதிகாரி இருக்கிறான், அவனும் சம்பளத்துக்கு வந்தவன், அவன் ஊரையும் இதே படைதான் இரண்டு மாதத்துக்கு முன்பு பிடித்தது. அவன் மாமனோ சித்தப்பனோ அதுவரை ஒல்லாந்தனிடம் வேலை பார்த்திருக்கலாம். தரப்பு என்பது எவ்வளவு மெல்லிய துணி என்று காட்ட இது போதும்.

படி 7: ஒரு காட்சியை எழுதி, கிழித்து, திரும்ப எழுதுங்கள்

என் முதல் வரைவு இப்படி இருந்தது:

"போரின் கொடுமையால் வாடியிருந்த அந்த ஊரில், சிவந்த சீருடை அணிந்த அந்த வீரனைக் கண்டதும் அவள் நெஞ்சம் படபடத்தது. எதிரி என்று அறிவு சொன்னது. இதயமோ வேறு சொன்னது."

இதில் ஊர் இல்லை, நேரம் இல்லை, கை செய்கிற வேலை இல்லை. எந்த நாட்டுக்கும் எந்தப் போருக்கும் பொருந்தும். மூன்றாம் வரைவு:

துலாவை இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிப்பாயைக் கண்டதும் விட்டுவிட்டு வேலியோரம் ஒதுங்கினார்கள். துலா தன்பாட்டில் ஆடியது. அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான், கையிலிருந்த செம்பைப் பார்த்தான்.

"கயிறு இருக்காம்மா?"

தமிழ் வந்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவள் சிரிக்கவில்லை.

"எந்த ஊர்?"

"நாகப்பட்டினம் பக்கம்."

"அங்க தண்ணியில்லை எண்டோ இஞ்ச வந்தனீங்கள்?"

அவன் செம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றான். அவள் பனையோலைப் பட்டையில் அள்ளி, செம்பைத் தொடாமல், மேலிருந்து ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. அவன் மீதியைக் குடித்துவிட்டுப் போனான். அன்று மாலை செம்பு இன்னும் கட்டிலேயே இருந்தது.

காதல் என்ற சொல் இதில் இல்லை. எதிரி என்ற சொல்லும் இல்லை. அவள் செம்பைத் தொடாதது தீட்டா, கோபமா, பயமா என்று நான் சொல்லவில்லை. செம்பை அவன் மறந்தானா, விட்டுப்போனானா என்றும் சொல்லவில்லை. அடுத்த காட்சிக்கு அந்தச் செம்பே அவர்களை இழுத்து வரும்.

படி 8: நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

ஜனவரி 11-லிருந்து ஓகஸ்ட் 31 வரை எண்ணினால் ஏறக்குறைய 230 நாள். அதுதான் இவர்களுக்குக் கிடைத்த நேரம். அதற்குள் சரித்திரம் தானாகவே திருப்பங்களைத் தருகிறது. ஏப்ரல் 12-ல் திருகோணமலைக்குத் தெற்கே கடலில் ஹியூஸும் சஃப்ரனும் மோதினார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு உடைந்த கப்பல்களும் காயம்பட்டவர்களும் இந்தத் துறைமுகத்துக்குள்தான் வந்தார்கள். ஊருக்குள் திடீரென்று எத்தனை வாய், எத்தனை புண். பழைய துணி கேட்டு வீடு வீடாக யாராவது வந்திருப்பார்கள். அவள் எந்தத் துணியைக் கொடுத்தாள்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சித்திரைப் பிறப்பு என்றதும் ஏப்ரல் 14 என்று எழுதிவிடுவோம். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட நூலிழை நீளமானது. 240 வருடத்தில் அது ஏறக்குறைய நான்கு நாளாகச் சேர்ந்திருக்கிறது. 1782-ல் வருடப்பிறப்பு ஏப்ரல் 10-ஐ ஒட்டி வந்திருக்கும், அதாவது சண்டைக்கு முன்னால். கைவிசேடம் வாங்கிய ஈரம் காய்வதற்குள் கடலில் பீரங்கிச் சத்தம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று நான் இரவு தூங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

இன்னும் சில பொறிகள். அப்போது அது "பிரெட்ரிக் கோட்டை" இல்லை, அந்தப் பெயர் 1803-ல் ஆங்கிலேயர் வைத்தது. தேயிலைத் தோட்டம் வர இன்னும் 80 வருடத்துக்கு மேல் இருக்கிறது, யாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காதீர்கள். தீக்குச்சி கிடையாது, அடுப்பில் தணலைக் காப்பாற்ற வேண்டும் அல்லது பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்க வேண்டும் (இதுவும் ஒரு சந்திப்புதான்). சூரியன் கடலில் மறையாது. நமக்குக் கடலில் உதிக்கும், உள்துறைமுகப் பக்கம் மறையும். அந்தத் தவறைச் செய்யும் கதைகளை வருடத்துக்கு இரண்டாவது வாசிக்கிறேன்.

படி 9: இரண்டு தரப்போடு நிறுத்தாதீர்கள்

கண்டியில் 1782 ஜனவரியில் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் இறந்து, அவருடைய தம்பி இராஜாதி இராஜசிங்கன் அரியணை ஏறியிருந்தார். இருவரும் நாயக்க வம்சம். ஆங்கிலேயர் ஹியூ போய்ட் என்ற தூதரைத் திருகோணமலையிலிருந்து அங்கே அனுப்பினார்கள். அரசன் பிடி கொடுக்கவில்லை. ஊருக்குள் ஆங்கிலேயனை வரவேற்றவன், ஒல்லாந்தனுக்கு உளவு சொன்னவன், யார் வந்தாலும் மீன் விற்றவன் என்று எல்லோரும் இருந்திருப்பார்கள். கணக்கப்பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். முதலாளி கும்பனி தோற்றுவிட்டது. புதியவனிடம் போய் நிற்பதா, பழைய கணக்குப் புத்தகங்களை ஒளித்து வைப்பதா? மகளின் காதல் அவருக்கு அவமானமா, இல்லை உள்ளுக்குள் ஒரு வசதியா? தகப்பனை வெறும் தடையாக மட்டும் வைக்கும் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன.

கல்யாணம் என்று வந்தால் தோம்பு இருக்கிறது. ஒல்லாந்தர் பகுதிகளில் பள்ளிக்கூடங்களோடு பதிவேடு வைத்து ஞானஸ்நானம், விவாகம் எல்லாம் எழுதினார்கள். ஊரில் தாலி கட்டுவது வேறு, தோம்பில் பெயர் ஏறுவது வேறு. எதிரிப் படைச் சிப்பாயின் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

படி 10: ஊரை நடந்து பாருங்கள்

ஒரு நாள் போதும். கோட்டை வாசலில் நின்று பழைய கோயில் கல்லில் இருக்கிற இரட்டை மீன் சின்னத்தைப் பாருங்கள், கோயில் கல் எப்படிக் கோட்டைக் கல் ஆனது என்று தெரியும். வாசலிலிருந்து சுவாமி மலை உச்சிவரை சாதாரண நடையில் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். புள்ளிமான்கள் குறுக்கே வரும், அதற்கு நின்ற நேரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது, எதற்கும் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஓஸ்டன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, நினைத்தபடி போக முடியாது. அதனால் உள்துறைமுக வீதியில் நின்று, தண்ணீருக்கு அப்பால் தெரியும் மேட்டைப் பாருங்கள். ஓகஸ்டில் போனால் கச்சான் முகத்தில் அடிக்கும், வாய் காயும். பிரெஞ்சுக்காரன் முற்றுகை போட்ட நாட்களில் கோட்டைக்குள் இருந்தவர்களும் அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படி 11: அண்மைய போரை எழுதப் போகிறீர்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 1983-லிருந்து 2009 வரை நடந்ததற்குள் இப்படி ஒரு காதலை வைக்கலாமா என்று. வைக்கலாம். ஆனால் அந்த மனிதர்கள் இப்போதும் சந்தையில் எதிரே வருகிறார்கள். கேட்ட கதையை ஊரும் பேரும் மாற்றி எழுதினாலும் திருமலையில் மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் கதையைத் தொடக் கூடாது என்பது என் முடிவு. இரண்டாவது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறவனுக்கும் நீட்டுகிறவளுக்கும் நடுவில் படி 6-ல் சொன்ன சோதனை பத்து மடங்கு கடினம். அதில் தேறாத கதையை நான் காதல் கதை என்று சொல்லமாட்டேன்.

படி 12: முடிவைச் சரித்திரத்திடம் கேளுங்கள்

நான் முதலில் சிப்பாயை முற்றுகையில் கொல்வதாக இருந்தேன். சாவு எழுத வசதியானது. பிறகு சரணடைந்த நிபந்தனைகளைப் படித்தேன். சஃப்ரனுக்கு அவசரம், ஹியூஸ் எந்த நேரமும் வந்துவிடுவார். அதனால் தாராளமான நிபந்தனை கொடுத்தார்: கோட்டைக் காவல்படை மரியாதையோடு வெளியேறலாம், சென்னைக்குக் கப்பலில் அனுப்பிவைப்போம். ஆகவே என் சிப்பாய்க்கு ஒரு கீறலும் விழவில்லை. நல்ல மனதோடு அனுப்பிவைத்தார்கள். அவளால் யாரையும் திட்டக்கூட முடியாது.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசம். 1784-ல் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் கையெழுத்திட்ட சமாதானத்தில் திருகோணமலை ஒல்லாந்தருக்கே திரும்பியது, நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போனது. அவள் ஊர் ஒரு பக்கம், அவன் ஊர் மறு பக்கம். இதை நான் கற்பனையில் செய்திருந்தால் செயற்கை என்று வாத்தியார் சிவப்பு மையால் வெட்டியிருப்பார்.

ஆனால் 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் திரும்ப வந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். 1782-ல் அவளுக்கு 18 வயது என்றால் இப்போது 31. கல்யாணமாகி, பெண் பிள்ளையும் இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் நான் அவளைக் கிணற்றடிக்கு அனுப்பவில்லை. மகளை அனுப்பினேன், கையில் அந்தச் செம்போடு. சிப்பாய்கள் வரிசையாகத் தண்ணீருக்கு நிற்கிறார்கள். மகள் துலாவை இழுக்கிறாள், பட்டை நிறைந்து மேலே வருகிறது. அதோடு முடித்தேன்.

புதிய பிரதியை வாத்தியாரிடம் கொடுத்தேன். அவருக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது, பேத்தி வாசித்துக் காட்டினாளாம். ஒரு வாரம் கழித்துப் போனேன். கோயில், மொழி, மறுப்பு என்று பழைய மூன்றைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஓகஸ்ட் கடைசி எண்டுதானே எழுதியிருக்கிறாய்?" என்றார். "கச்சான் காலம். கிணறு அடியோட வத்தியிருக்கும் தம்பி. பட்டை எப்படி நிறையும்?"